உளூ முடியாத மனிதர்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி, மஃரிபு தொழுகைக்குப் பின் பள்ளியின் இமாம் அவர்கள் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலரின் வேண்டுகோளுக்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



 

ஆண்டுக் கூட்டத்தில் இமாம் பேசுவதென்றால் ஸகாத்தைப் பற்றியோ, பிள்ளைகளின் மக்தப் வருகையைப் பற்றியோ பேசுவது வழக்கம். செயலாளர் அவர்களும் மக்தபைப் பற்றித்தான் பேசச் சொன்னார்கள். நான்தான் இவ்வருடம் வேறொன்றைப் பேச அனுமதி கேட்டேன். மனம் நோயுற்றவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் அவர்கள் சற்று யோசித்தார்கள். "வந்திருப்பவர்கள் தங்கள் வீட்டைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், ஹஜ்ரத்" என்றார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்று நான் குறை சொல்லப் போகும் ஆள் நானே.

பல வருடங்களுக்கு முன் நான் இமாமத் செய்துகொண்டிருந்த வேறோர் ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். "சொல்லுங்கள் ஹஜ்ரத், இன்னொருவருக்கு உதவட்டும்" என்றார் அவர்.

அவர் ஒரு ஜவுளிக்கடை வைத்திருந்தார். முப்பதைத் தாண்டிய வயது, இரண்டு பிள்ளைகள். ஐந்து நேரமும் ஜமாஅத்துடன் தொழுகிறவர். பாங்கு சொல்வதற்கு அரைமணி முன்பாகவே ஹவ்ளுக்கு வந்துவிடுவார். முதலில் நாங்கள் எல்லோரும் அதைப் பேணுதல் என்றுதான் நினைத்தோம். ஒரு ஜும்ஆவில் அவர் பெயரைச் சொல்லாமல், உளூவைப் பேணிச் செய்யும் ஒரு சகோதரர் என்று நானே புகழ்ந்து பேசியிருக்கிறேன். பிறகுதான் கவனித்தோம். அரைமணி நேரம் முன்னதாக வந்தவர் இகாமத் சொல்லும்போதும் ஹவ்ளிலேயே நிற்பார். முகத்தைக் கழுவுவார், முழங்கை வரை கழுவுவார், திடீரென்று நிறுத்தி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். குளிர்காலத்தில் விரல் நுனிகள் ஊறி வெளுத்துப் போயிருக்கும். ஸஃப்பில் வந்து நின்றாலும் தக்பீர் கட்ட முடியாது. கையை உயர்த்துவார், இறக்குவார், மறுபடி உயர்த்துவார். நிய்யத் சரியாக வந்ததா என்ற ஐயம். இமாம் ருகூஉவுக்குப் போய்விடுவார். இவர் இன்னும் தொழுகைக்குள்ளேயே நுழைந்திருக்க மாட்டார்.

பேணுதல் என்றவர்கள் பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். தண்ணீர்த் தொட்டி காலியாகிறது என்று மோதினார் சலித்துக்கொண்டார். பிள்ளைகள் ஒரு பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவிலும் அவர் என்னை நம்பினார். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் வருவார். "ஹஜ்ரத், கணுக்காலில் ஒரு முடியளவு இடம் நனையாமல் இருந்திருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது. என் தொழுகை கூடுமா?" என்பார். கூடும் என்பேன். முகம் தெளிந்து போவார். அஸருக்கு வருவார், வேறொரு சந்தேகத்தோடு. கூடும் என்பேன். மஃரிபுக்கு வருவார். சில நாட்களில் இரவு பதினொரு மணிக்கு என் வீட்டு வாசலில் நிற்பார். நான் ஏழு வருடம் மதரஸாவில் ஓதியவன். கேட்டவருக்கு மஸ்அலா சொல்லாமல் திருப்பி அனுப்பக்கூடாது என்று உஸ்தாத்கள் பழக்கியிருந்தார்கள். பொறுமையோடு பதில் சொன்னேன். ஸப்ர் செய்யுங்கள், ஷைத்தானிடமிருந்து பாதுகாப்புத் தேடுங்கள் என்றேன். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். என் கடமையைச் செய்துவிட்டதாக நிம்மதியாகவும் இருந்தேன்.

ஒரு வருடத்துக்குள் அவர் கடையைத் திறப்பது நின்றது. பள்ளிக்கு வருவதும் நின்றது. அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அழுதபோதுதான் முழு விஷயமும் தெரிந்தது. ஒரு உளூவுக்கு இரண்டு மணி நேரம். குளிக்கப் போனால் அதைவிட அதிகம். பிள்ளைகள் தொட்டால் நஜீஸ் என்று அவர்களை அருகில் விடுவதில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. தொழுகையில் நிற்கும்போது அல்லாஹ்வைப் பற்றி வாயால் சொல்ல முடியாத எண்ணங்கள் அவர் மனத்தில் வந்து விழுந்திருக்கின்றன. "நான் காஃபிராகிவிட்டேன், இனி தொழுது என்ன பயன்" என்று முடிவு செய்துதான் அவர் பள்ளியை நிறுத்தியிருக்கிறார். என்னிடம் நூறு முறை கணுக்காலைப் பற்றிக் கேட்டவர், இதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இமாமிடம் இதைச் சொன்னால் தன்னை ஊரைவிட்டே விலக்கிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார்.

அவரை மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவமனைக்கு அவருடைய மச்சானும் நானும் அழைத்துச் சென்றோம். மனநலப் பிரிவு மருத்துவர் ஓர் அம்மையார். நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். நெடுநேரம் அவரிடம் பேசிவிட்டு என்னை உள்ளே அழைத்தார்.

"நீங்கள் இவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை பதில் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"கேட்கும்போதெல்லாம்."

"நீங்கள் பதில் சொன்னதும் இவர் முகம் தெளிகிறதா?"

"தெளிகிறது."

"எவ்வளவு நேரத்துக்கு?"

நான் பதில் சொல்லவில்லை.

"அந்தத் தெளிவுக்காகத்தான் மறுபடி வருகிறார். சொறியச் சொறிய அரிப்பு கூடுவதைப் போன்றது இது. கழுவுவதும் சொறிதல்தான், உங்களிடம் வந்து கேட்பதும் சொறிதல்தான். உங்கள் பதில் ஒவ்வொன்றும் நோய்க்குத் தீனி போட்டிருக்கிறது" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தலை குனிந்தது.

பிறகு அவர் இன்னொன்று கேட்டார்: "ஒருமுறை கழுவிவிட்டு, சந்தேகம் இருக்கும்போதே எழுந்து தொழப் போவதற்கு உங்கள் மார்க்கம் இடம் கொடுக்குமா?" இடம் கொடுப்பது மட்டுமல்ல, அப்படித்தான் செய்ய வேண்டும் என்று கட்டளையே இருக்கிறது என்றேன். "அப்படியானால் என் வேலையில் பாதியை உங்கள் கிதாபுகளே செய்து வைத்திருக்கின்றன" என்றார்.

சகோதரர்களே! அன்றிரவு நான் என் கிதாபுகளை எடுத்து மீண்டும் பார்த்தேன். எல்லாம் நான் ஓதியவைதான். சந்தேகத்தால் உறுதி நீங்காது என்பது பிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் நான். தொழுகையில் உளூ முறிந்துவிட்டதோ என்று சந்தேகிப்பவர், சத்தத்தைக் கேட்டாலோ நாற்றத்தை உணர்ந்தாலோ அன்றித் தொழுகையை விட்டுப் போகவேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அருளிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உளூவில் மூன்று முறைக்கு மேல் கழுவுவது வரம்பு மீறுதல் என்ற கருத்து அபூதாவூதில் இருக்கிறது. வஸ்வாஸுக்கு என்ன மருந்து என்று கேட்கப்பட்டபோது, அதை முற்றிலும் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதே மருந்து என்ற கருத்தில் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) ஃபத்வா கொடுத்திருக்கிறார்கள். ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) வஸ்வாஸுக்கு ஆளானவர்களைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். நம் முன்னோர்களுக்கு இந்த மனிதரை நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான், என் ஹவ்ளில் நின்றபோது, அடையாளம் தெரியவில்லை.

இன்னும் ஒரு பெயரைச் சொல்லவேண்டும். அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) என்பவர் கி.பி. 934-ல் மறைந்தவர், இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கைச் சேர்ந்தவர். உடல்களின் நலனையும் ஆன்மாக்களின் நலனையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக எழுதியவர். கோபம், அச்சம், கவலை ஆகியவற்றோடு, மனத்தில் வந்து ஒட்டிக்கொண்டு விடாமல் அலைக்கழிக்கும் எண்ணங்களையும் தனி நோயாகவே எடுத்து எழுதியிருக்கிறார். கவலையை இரண்டாகப் பிரித்து, காரணம் தெரிந்த கவலை வேறு, காரணமே தெரியாமல் வரும் கவலை வேறு என்றும் கூறியிருக்கிறார். ஆயிரம் வருடங்களுக்கு முன் இதை எழுதிய சமுதாயம் நாம். "நோய் இருக்கிறவனுக்குத்தான் டாக்டர், உனக்கு என்ன குறை, மூன்று வேளை சாப்பாடு இருக்கிறது, வீடு இருக்கிறது" என்று காரணம் தெரியாத கவலைக்காரனைப் பார்த்து இன்று சொல்கிறவர்களும் நாமே.

சிகிச்சை எப்படி நடந்தது என்பதையும் சொல்கிறேன். ஏனென்றால் பலர் பாதியில் விடுவது தெரியாமையால்தான். மாத்திரை கொடுத்தார்கள். இந்த நோய்க்கு மாத்திரையின் பலன் முழுமையாகத் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரங்கள்கூட ஆகலாம் என்று முதலிலேயே எச்சரித்தார்கள். பத்து நாளில் பலனில்லை என்று விட்டவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மாத்திரையோடு பயிற்சியும் இருந்தது. சந்தேகம் மனத்தைப் பிடுங்கும்போது, கழுவாமல், கேட்காமல், அந்தத் தவிப்பைத் தாங்கிக்கொண்டு இருக்கவேண்டும். தாங்கத் தாங்க, தவிப்பு தானாகவே இறங்கும் என்பதை மனம் அனுபவத்தால் கற்றுக்கொள்ளும்.

அதில் எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். உளூ ஒருமுறை, ஒவ்வோர் உறுப்பும் மூன்று முறைக்கு மேல் இல்லை, பிறகு நேராக ஸஃப்பு. இது மஸ்அலா என்று ஒரே ஒருமுறை சொல்லிவிடவேண்டும். அதன்பின் அதே கேள்விக்கு நான் பதில் சொல்லக்கூடாது. முதல் வாரம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கள் ஹஜ்ரத், கூடும் என்று ஒரு வார்த்தை" என்று கெஞ்சினார். வாயைத் திறக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இமாமாக நான் செய்த காரியங்களில் அதைவிடக் கடினமானது எனக்கு நினைவில்லை.

அந்தப் பயங்கரமான எண்ணங்களைப் பற்றி மட்டும் ஒருநாள் விரிவாகப் பேசினோம். தோழர்கள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, வாயால் சொல்வதற்கே அஞ்சும் எண்ணங்கள் எங்கள் உள்ளத்தில் வருகின்றன என்று முறையிட்ட செய்தி முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது. அதைச் சொல்ல அவர்கள் அஞ்சியதே தெளிவான ஈமான் என்று பெருமானார் விளக்கம் தந்தார்கள். இதை நான் சொன்னபோது அவர் அழுதார். பல மாதங்களாகத் தன்னைக் காஃபிர் என்று எண்ணிக்கொண்டிருந்த ஒரு முஃமின் அவர். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது, ஆணோ பெண்ணோ, இளைஞரோ முதியவரோ, அத்தகைய எண்ணம் வந்து வாட்டுமானால் தயவுசெய்து தனியே வைத்துக்கொண்டு புழுங்காதீர்கள். அது உங்கள் எண்ணமல்ல. உங்களைப் பிடித்த நோயின் வேலை. பெண்கள் என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொல்லலாம்.

ஏழெட்டு மாதங்களில் அவர் கடையைத் திறந்தார். பத்து நிமிடத்தில் உளூவை முடித்தார். பிறகு ரமளான் வந்தது. பக்கத்தில் தொழுத ஒருவர், நல்ல மனிதர்தான், "மாத்திரை சாப்பிட்டால்தான் தொழ முடியும் என்றால் அது என்ன ஈமான்? இந்த ரமளானோடு விட்டுவிடு, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லியிருக்கிறார். இவரும் விட்டுவிட்டார். ஷவ்வால் முடிவதற்குள் மறுபடி ஹவ்ளில் நின்றார். திரும்ப ஆரம்பத்திலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. இரண்டாம் முறை எழுந்து வருவது முதல் முறையைவிடச் சிரமமாக இருந்தது. ஆனாலும் எழுந்தார்.

ஆகவே நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை. மனநோய்க்கான மருந்துகளில் பல, நாளுக்கு ஒருமுறை எடுப்பவை. மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால், இஃப்தாருக்குப் பின்னோ ஸஹரிலோ எடுக்கும்படி நேரத்தை மாற்றித் தருவார்கள். ஷஃபானிலேயே போய்க் கேளுங்கள். லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்கள் மட்டும் மிகவும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். உடலில் நீர் வற்றினால் அந்த மருந்தின் அளவு இரத்தத்தில் ஆபத்தான நிலைக்கு ஏறிவிடக்கூடும். மருத்துவர் கூடாது என்றால் நோன்பு நோற்காதீர்கள். நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை அது. சர்க்கரை நோயாளி நோன்பை விட்டால் ஏன் என்று கேட்காத நாம், இவரை மட்டும் ஏன் கேட்கவேண்டும்?

மனம் தளர்வது ஈமானின் குறைவு என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் யாகூப் (அலை) அவர்களின் கண்களே வெளுத்துவிட்டதாகக் குர்ஆன் கூறுகிறது. அழகிய பொறுமை என்ற சொல்லைச் சொன்ன அதே நபிதான் அவர்கள். அந்தப் பொறுமையும் இந்தக் கண்ணீரும் ஒரே உள்ளத்தில்தான் இருந்தன. பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று எண்ணியதைக் குர்ஆன் மறைக்கவில்லை. கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் ஒரே வருடத்தில் மறைந்தபோது, அந்த வருடத்துக்குத் துக்க வருடம் என்றே வரலாற்றில் பெயர் நின்றுவிட்டது. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடி நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி துஆச் செய்திருக்கிறார்கள். வீட்டில் மவுத்தானால், துக்கப்படுபவர்களுக்கு வாற்கோதுமை மாவில் தல்பீனா என்னும் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார்கள் ஆயிஷா (ரலி) அவர்கள். அது நோயாளியின் இதயத்துக்கு இதமளிக்கும் என்று பெருமானாரிடம் கேட்டிருந்தார்கள். துக்கத்தில் இருப்பவரிடம் முதலில் நீட்டப்பட்டது ஒரு கிண்ணம் கஞ்சி. நாமோ எடுத்த எடுப்பில் ஒரு பயானை நீட்டுகிறோம்.

அப்படியானால் ஓதிப் பார்ப்பது கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். நானும் இன்றுவரை ஓதுகிறேன். குர்ஆன் ஷிஃபா என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓதி அனுப்பும்போது, மருத்துவரிடம் போனீர்களா என்று கேட்காமல் இப்போது அனுப்புவதில்லை. மருந்து தேடும்படி சமூகத்தாருக்குக் கட்டளையிட்டவர்களும் நபி (ஸல்) அவர்களே. செய்வினை, ஜின் சேஷ்டை என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் பறிக்கும் ஆட்களிடம் மட்டும் போகாதீர்கள். மாத்திரையை நிறுத்து என்று எவர் சொன்னாலும், அவர் தலைப்பாகை கட்டியிருந்தாலும் கேட்காதீர்கள்.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலையை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை செய்திருக்கிறது. தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்று நம் ஊர்களில் நாற்பது வருடங்களாக வாதம் நடக்கிறது. அந்த வாதத்துக்குள் இன்று நான் போகவில்லை. ஆனால் வாதம் செய்த இரு தரப்பாருமே அந்த 28 பேரின் காலில் கிடந்த சங்கிலியைப் பற்றி அதற்கு முன் எத்தனை முறை பேசினோம் என்பதை மட்டும் யோசிக்கவேண்டும். மருந்தும் துஆவும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி குஜராத் மாநிலம் உனாவாவில் உள்ள மீரா தாத்தார் தர்காவில் முஜாவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு நடந்தது. பிறகு தமிழக அரசும் ஏர்வாடியில் அதே முறையைக் கொண்டுவந்தது. முஜாவர் செய்யக்கூடியதை இமாம் செய்ய முடியாதா என்ன?

அடுத்து, நிகாஹ் தஃப்தரில் கையெழுத்திடுகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பையன் சரியில்லை, யாரோடும் பேசுவதில்லை, இரவில் தூங்குவதில்லை என்றால் நம் வீடுகளில் சொல்லப்படும் வைத்தியம் என்ன? "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்." பெண்ணுக்கும் அதே வைத்தியம்தான். பெண் வீட்டாரிடம் சொல்வதில்லை. திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையை மறைத்து வைத்துவிடுகிறார்கள், வந்தவள் பார்த்துவிடக்கூடாதே! மாத்திரை நின்ற இரண்டாம் மாதம் நோய் திரும்புகிறது. ஆறாம் மாதம் இரு குடும்பமும் இதே பள்ளியின் அலுவலக அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறது. பார்த்திருக்கிறேன், சகோதரர்களே. அந்த மேசையில் இருக்கும் எல்லோரும் அழுகிறார்கள். பாவம், அந்த நோயாளியும் அழுகிறார்.

மறைத்து முடிப்பது மார்க்கத்தில் மோசடி. கடுமையான மனநோயைத் திருமண ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய உரிமை தரும் குறைகளில் ஒன்றாக ஷாஃபிஈ பிக்ஹு நூல்கள் எண்ணுகின்றன. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, மனநோய் வந்தவருக்குத் திருமணமே கிடையாது என்ற முடிவுக்கு யாரும் போய்விட வேண்டாம். சிகிச்சையில் நிலைபெற்று, விஷயத்தைச் சொல்லி, கேட்டவர்கள் ஒப்புக்கொண்டு நடந்த நிகாஹ்களையும் நான் ஓதி வைத்திருக்கிறேன். நன்றாகவே வாழ்கிறார்கள். மாத்திரை டப்பா அலமாரியில் வெளிப்படையாக இருக்கும் வீடுகள் அவை.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றியும் நினைக்கவேண்டும். பதினைந்து இருபது வருடம் அங்கே ஓர் அறையில் எட்டுப் பேரோடு தங்கிச் சம்பாதித்துவிட்டுத் திரும்பி வருகிறவர், இங்கே தன் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுகிறார். பிள்ளைகள் அவரிடம் பேசுவதில்லை. அவருக்கும் பேசத் தெரியவில்லை. காலையில் பள்ளிக்கு வந்து லுஹர் வரை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பணம் எவ்வளவு கொண்டுவந்தார் என்று கேட்க ஆள் இருக்கிறது. தூக்கம் வருகிறதா காக்கா என்று கேட்க ஆளில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிந்தது. மது முதலியவற்றால் வரும் பாதிப்பும் அதில் சேரும். அதைக் கழித்துக்கொண்டாலும், ஒவ்வொரு ஸஃப்பிலும் ஒருவரோ இருவரோ இருக்கக்கூடும் என்றாகிறது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது.

கடைசியாக, பேசுவதற்கே நா எழாத ஒன்று. ஒரு வீட்டில் ஒருவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டால் ஊர் என்ன செய்கிறது? ஜனாஸா தொழலாமா என்று வாசலிலேயே தர்க்கம் நடக்கிறது. பெற்ற தாயின் காதில் விழும்படியாக, "நிரந்தர நரகம்" என்கிறார்கள். தற்கொலை பெரும்பாவம், அதில் மாற்றமில்லை. அதன் கடுமையைச் சொல்லும் ஹதீஸ்களை நான் மறைக்கவில்லை. அத்தகைய ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தாமே தொழுவிக்காமல் விட்டதும் உண்மை. ஆனால் அது மற்றவர்களை எச்சரிப்பதற்காக என்றே பெரும்பாலான இமாம்கள் விளங்கியிருக்கிறார்கள். ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் அவருக்கு ஜனாஸாத் தொழுகை உண்டு.

முஸ்லிம் ஷரீஃபில் இன்னொரு நிகழ்ச்சியும் இருக்கிறது. அதை ஏனோ நாம் மிம்பரில் சொல்வதில்லை. துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களோடு அவருடைய கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரும் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்தார். அந்த ஊர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நோயுற்றார், பொறுக்க முடியாமல், அம்பு முனையால் தன் விரல் கணுக்களை அறுத்துக்கொண்டார். இரத்தம் வடிந்து இறந்தார். துஃபைல் அவரைக் கனவில் நல்ல தோற்றத்தில் கண்டார். ஆனால் கைகள் இரண்டும் மூடப்பட்டிருந்தன. ஹிஜ்ரத்தின் காரணமாக அல்லாஹ் தன்னை மன்னித்தான் என்றும், தானே கெடுத்துக்கொண்ட கைகள் மட்டும் சீராக்கப்படவில்லை என்றும் அவர் சொன்னார். துஃபைல் இதை நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, பெருமானார் அந்தக் கைகளுக்காகவும் பிழைபொறுக்கத் தேடி அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். தன்னை மாய்த்துக்கொண்டவர் காஃபிராகிவிடமாட்டார் என்பதற்கு இதுவே ஆதாரம் என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாயின் வாசலில் நின்று நாம் செய்யவேண்டியது அந்தக் கைகளுக்காகச் செய்யப்பட்ட துஆவைத்தான்.

உயிரோடு இருப்பவரிடம், சாகவேண்டும் போலிருக்கிறது என்று அவர் சொன்னால், ஹராம் என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள். அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டார், அவ்வளவுதான் நடக்கும். உட்கார வைத்து, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அன்றிரவு தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் தூக்க மாத்திரையையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண் மத்திய அரசின் டெலிமானஸ் சேவை, 2022-லிருந்து இயங்குகிறது, கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம். போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து, மருந்து குடித்தவரை மருத்துவமனைக்கே கொண்டுபோகாமல் வைத்திருந்த வீடுகள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டத்தில் தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் அந்தப் பழைய பிரிவே இல்லை.

நிர்வாகத்தாரிடம் என் கோரிக்கை இரண்டு. பைத்துல்மாலிலிருந்து சிறுநீரக நோய்க்கும் இதய நோய்க்கும் உதவுகிறோம். மனநோய்க்கு இதுவரை ஒரு மனுவும் வந்ததில்லை என்று பொருளாளர் சொன்னார்கள். நோயாளி இல்லாததால் அல்ல, மனுவில் எழுத வெட்கப்படுவதால். ஏழையான மனநோயாளியும் ஸகாத் பெறத் தகுதியுடையவரே. அவர்களின் மருந்துச் செலவுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும், மனு இல்லாமல், இமாமின் வாய்மொழியின் பேரில், பெயர் எழுதாமல் கொடுக்க ஒரு ஏற்பாடு வேண்டும். இரண்டாவது, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகிறவருக்குத் துணையாகச் செல்ல நான்கு பேர் வேண்டும். பெண்களுக்குத் துணையாக இரண்டு சகோதரிகள் வேண்டும். வாயைத் திறக்காதவர்களாக இருக்கவேண்டும். இந்த ஊரில் அது கொஞ்சம் கடினமான நிபந்தனைதான், இருந்தாலும் தேடுவோம்.

நான் சொன்ன அந்தச் சகோதரர் இன்றும் குறைந்த அளவில் மாத்திரை எடுக்கிறார். சென்ற வருடம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். அஸருக்கு என் பக்கத்தில் உளூச் செய்தார். இடையில் ஒருமுறை அவர் கை முழங்கையருகே நின்றது. நான் பார்க்காதது போலிருந்தேன். பிறகு குழாயை மூடிவிட்டு, "வாருங்கள் ஹஜ்ரத், இகாமத் சொல்கிறார்கள்" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

நம் ஹவ்ளிலும் யாராவது நெடுநேரம் நின்றுகொண்டிருந்தால், தண்ணீர் வீணாகிறது என்று அவரிடம் சொல்லாதீர்கள். என்னிடம் வந்து சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.